புது சி.எம்.ஓ.வுக்கு ஒரு பழைய நர்ஸ் சொன்னது

அரசு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு தலைமை மருத்துவர் (சி.எம்.ஓ.) வந்தால் முதல் வாரம் எப்படிப் போகும் என்று எனக்கு மனப்பாடம். சால்வை, பூங்கொத்து, குரூப் போட்டோ. மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்து வருகைப் பதிவேட்டை எடுத்துத் தன் மேசையில் வைத்துக்கொள்வார். லேட்டாக வந்தவர்களுக்கு மெமோ. மூன்றாம் நாள் வார்டு வார்டாக ரவுண்ட்ஸ். ஒட்டடை, வெற்றிலை எச்சில், மூடியில்லாத குப்பை வாளி, அதற்கெல்லாம் ஒரு திட்டு. வாரக் கடைசியில் உள்ளூர் நிருபர் வருவார். "ஊழியர் நலன், நோயாளிகளிடம் கனிவு, சுற்றுவட்டார மக்களின் ஆரோக்கியம், இந்த மூன்றுக்கும் முன்னுரிமை கொடுப்பேன்" என்று பேட்டி வெளியாகும். நான் சர்வீசில் இருந்த காலத்தில் எத்தனையோ பேர் வந்து போனார்கள். பேட்டி மட்டும் மாறவே இல்லை.

சொன்னவர்கள் பொய் சொன்னார்கள் என்று சொல்ல மாட்டேன். பலரும் மனதார ஆசைப்பட்டவர்கள்தான். ஆனால் மூன்றையும் மூன்று தனித்தனி வேலையாக நினைத்து ஆளுக்கொரு கமிட்டி போட்டுவிட்டு உட்கார்ந்தவர்களே அதிகம்.

சமீபத்தில் ஒரு டாக்டரம்மா போன் செய்தார். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது எங்கள் வார்டில் குழந்தைக்கு வெயின் கிடைக்கவில்லை என்றால் முகம் வெளிறிப்போவார். இப்போது ஒரு தாலுகா தலைமை ஆஸ்பத்திரிக்கு சி.எம்.ஓ. ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆள் தெரிந்துவிடும். வானம் பார்த்த பூமி, ஆடு மாடு, முள்ளுக்காடு, பாம்புக்கடி நிறைய வரும் பகுதி, அவ்வளவு போதும்.

"சிஸ்டர், திங்கக்கிழமை சார்ஜ் எடுக்கறேன். எதுல ஆரம்பிக்கட்டும்?"

"கேசுவால்ட்டிக்கு டெஸ்ட் ட்யூப் கழுவித் தர்றது யாருன்னு பாருங்க டாக்டர்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ரிட்டயர் ஆனதும் இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். அதனால் விளக்கமாகச் சொன்னேன். அதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

பாம்புக்கடி கேஸ் வந்தால் விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் முதலில் செய்வது 20 நிமிட ரத்தம் உறைதல் சோதனை. பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். இரண்டு மில்லி ரத்தம் எடுத்து சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஸ்டாண்டில் அசைக்காமல் வைக்க வேண்டும். 20 நிமிடம் கழித்து ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். கெட்டியாகி நின்றால் உறைந்திருக்கிறது. தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலையைக் காட்டிவிட்டது. கண்ணாடிவிரியனோ சுருட்டைவிரியனோ கடித்திருக்கலாம். உடனே விஷமுறிவு மருந்து.

இதில் குழாய் கண்ணாடியாகவே இருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் உதவாது, கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தூண்டுகிறது. அதைவிட முக்கியம், அந்தக் குழாயை முன்பு சோப்புத்தூள் போட்டுக் கழுவி வைத்திருந்தால் சோதனையே கெட்டுவிடும். உள்ளே ஒட்டியிருக்கும் சோப்பு உறைதலைத் தடுக்கும். ஒன்றுமே ஆகாதவருக்கும் ரத்தம் ஓடும். டாக்டர் பார்த்துவிட்டு "உறையவில்லை" என்று எழுதுவார், குப்பி குப்பியாக மருந்து ஏறும். அந்த மருந்து குதிரை ரத்தத்திலிருந்து செய்வது. ஒத்துக்கொள்ளாவிட்டால் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இறுகி, பி.பி. விழுந்து, காப்பாற்ற வந்த மருந்தே ஆளைச் சாய்த்துவிடும். அந்த மருந்துக்கான விஷத்தைப் பாம்பிடமிருந்து எடுப்பதே தனிப் பாடு. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கிறது. அங்கே உயிரைப் பணயம் வைத்து எடுத்த சொட்டை நாம் சோப்புத்தூளால் வீணடிக்கக் கூடாது.

அந்தக் குழாயை யார் கழுவுகிறார்? ஹவுஸ் கீப்பிங் ஏஜென்சி அனுப்பிய ஒரு அம்மா. அவருக்கு யாராவது சொன்னார்களா, "அம்மா, இந்த ட்யூப்பில் மட்டும் சோப்பு போடாதீங்க, முடிந்தால் புது ட்யூப் எடுத்துத் தர்றோம்" என்று? நான் பார்த்த வரையில் பெரும்பாலும் இல்லை. பளிச்சென்று கழுவினால் சிஸ்டர் சந்தோஷப்படுவார் என்று நினைத்து இரண்டு பிடி சோப்புத்தூள் கூடப் போடுவார். எம்.டி. படித்தவர் எடுக்கும் முடிவு அந்த அம்மாவின் கைப்பிடிச் சோப்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அதனால்தான் டாக்டரம்மாவிடம் சொன்னேன்: ஊழியர் நலனை மேலிருந்து ஆரம்பிக்காதீர்கள். டாக்டர்கள் சங்கம் தானாகவே உங்களைப் பார்க்க வரும். நர்ஸ் சங்கமும் வரும், நாங்கள் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. உங்களைத் தேடி வராதவர்கள் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள்தான். துடைக்கிறவர், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, குப்பையை மஞ்சள் சிவப்பு வெள்ளை நீலம் என்று பிரிக்கிறவர். மருத்துவக் கழிவு விதிகள் 2016-இல் வந்து, எதை எந்தப் பையில் போட வேண்டும், 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றெல்லாம் சட்டமாகவே ஆகிவிட்டது. சுவரில் படம் ஒட்டியிருக்கிறோம். அந்தப் படத்தின்படி வேலை செய்கிறவருக்கு ஊசி குத்தினால் எங்கே போக வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். "சொன்னா வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்க சிஸ்டர்" என்று ஒரு அம்மா மூன்று நாள் மறைத்து வைத்திருந்தது எனக்குத் தெரியும். ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தவரை அடுத்த சில மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். 72 மணி நேரம் தாண்டினால் பிரயோஜனமில்லை. மூன்று நாள் என்பது சரியாக அந்த 72 மணி நேரம்.

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேட்டியில் சொல்லாத விஷயம். காசு. வீல்சேர் தள்ள ஒரு தொகை, குழந்தையைக் கையில் கொடுக்க ஒரு தொகை, அதிலும் ஆண் குழந்தை என்றால் கூட. நோயாளிகள் அரசு ஆஸ்பத்திரி மேல் வைத்திருக்கும் கோபத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது. புது தலைவர்கள் செய்வது என்ன? "யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்" என்று போர்டு, புகார் எண், ஒருவரைப் பிடித்து நீக்கிவிட்டு ஒரு செய்தி. ஒரு மாதம் அடங்கும். பிறகு பழையபடி. வாங்குவதை நான் நியாயப்படுத்தவில்லை. பிரசவ வலியில் ஒரு பெண் துடிக்கும்போது அவள் மாமியாரிடம் கை நீட்டுவதைப் போல அசிங்கம் வேறு இல்லை. ஆனால் நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் ஏஜென்சி சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று கடவுளுக்கே தெரியாது. அங்கே வந்த ஒரு சி.எம்.ஓ. போர்டு எதுவும் வைக்கவில்லை. மாதாமாதம் ஏஜென்சிக்குப் பில் பாஸாக ஆஸ்பத்திரித் தலைமை வேலை திருப்தி என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அவர், போன மாதச் சம்பளம் எல்லோர் கணக்கிலும் ஏறியதா, பி.எஃப். கட்டினார்களா என்று பார்க்காமல் அந்தக் கையெழுத்தைப் போட மாட்டேன் என்றார். இரண்டு மூன்று மாதம் இழுபறி, மேலிடத்திலிருந்து போன்கூட வந்தது. பிறகு சம்பளம் தேதி தவறாமல் வர ஆரம்பித்தது. அதன் பின் ஒருநாள் எல்லோரையும் மரத்தடியில் உட்கார வைத்து, "இனிமே எவராவது கை நீட்டினா என்கிட்ட வந்து நிக்க வேண்டியதில்ல, நேரா போலீஸ்தான்" என்றார். அந்தப் பேச்சுக்கு அப்போது ஒரு கனம் இருந்தது. காசு வாங்குவது சுத்தமாக நின்றுவிட்டது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். லேபர் வார்டு வாசலில் நின்றது, அது நிச்சயம்.

ஒப்பந்த ஊழியர்களை நான் முதலில் வைப்பதற்கு இரக்கம் மட்டும் காரணமில்லை. டாக்டர்கள் வெளியூர். நர்ஸ்கள் கவுன்சலிங்கில் எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள். மூன்று வருடம் ஓட்டிவிட்டுச் சொந்த மாவட்டத்துக்கு மாற்றல் வாங்கிவிடுவோம். அந்தத் தாலுகாவிலேயே பிறந்து, அங்கேயே கட்டிக்கொடுத்து, ஊர் ஊராகச் சொந்தம் உள்ளவர்கள் யார் என்றால் இந்த ஆயாம்மாக்களும் செக்யூரிட்டி அண்ணன்களும்தான். மக்கள் நலம் மக்கள் நலம் என்று நாம் வெளியே தேடிக்கொண்டிருக்கிறோம். அந்த மக்கள் சீருடை போட்டுக்கொண்டு நமக்கு எதிரிலேயே தரை துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு விடிகாலையில் பத்து வயது இருக்கும் ஒரு பையனைத் தூக்கி வந்தார்கள். வயிற்று வலி, இரண்டு தடவை வாந்தி. உடம்பில் காயம் எதுவும் இல்லை, ஜுரமும் இல்லை. டியூட்டி டாக்டர் விடியவிடியக் கேஸ் பார்த்துக் களைத்திருந்தார். அசிடிட்டிக்கு ஊசி எழுதிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். மூலையில் மாப் போட்டுக்கொண்டிருந்த அம்மா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "சிஸ்டர், எங்க பக்கத்து ஊர்ப் பிள்ள. ராத்திரி பூரா கரண்டு இல்ல, எல்லாரும் வெளித்திண்ணைக்குக் கீழ தரையில படுத்துக் கெடந்தோம். அவன் கண்ணப் பாருங்க, சொக்குது." பார்த்தேன். இமை பாதி இறங்கியிருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்திருந்தேன். மேலே பார் என்றால் நெற்றியைச் சுருக்குகிறான், இமை ஏறவில்லை.

கட்டுவிரியன். ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, பல் பட்ட தடம்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். விடியும்போது வயிற்று வலி, அப்புறம் இமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசை நின்றுவிடும். மேலே சொன்ன குழாய்ச் சோதனையும் இதற்கு உதவாது. இந்த விஷம் நரம்பைத்தான் தாக்கும், ரத்தம் நன்றாகவே உறையும். டாக்டர் ஓடி வந்தார், மருந்து ஏற்றினோம், ஆம்பு பேக்கை அழுத்திக்கொண்டே 108-இல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வென்டிலேட்டரில் வைத்து எடுத்தார்கள். பையன் நன்றாக இருக்கிறான்.

அந்த அம்மா வாய் திறந்ததற்குக் காரணம் அப்போதைய எங்கள் டாக்டர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், டீ வந்தால் அவருக்கும் ஒரு கப் போகும். அவ்வளவுதான். வேறொரு வார்டாக இருந்தால் "உனக்கென்ன தெரியும், போய் வேலையைப் பாரு" என்ற பதிலுக்குப் பயந்து பேசாமல் துடைத்துக்கொண்டே போயிருப்பார். பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு 2024 நவம்பரில் அறிவித்தது. நல்ல காரியம், இனி எண்ணிக்கையாவது சரியாக வரும். அதற்கு முதலில் அது பாம்புக்கடி என்று யாராவது கண்டுபிடிக்க வேண்டுமே.

ஊர்க்காரர்களை நம்புவது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று பெருமையடிக்கவில்லை. நம் மாநிலத்திலேயே பேர்பெற்ற மூன்று இடங்களைப் பாருங்கள். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். அங்கே டாக்டருக்கு முன்னும் பின்னும் நடக்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது கிராமத்துப் பெண்பிள்ளைகள். பள்ளி முடித்தவர்களை எடுத்து அவர்களே பயிற்சி கொடுக்கிறார்கள். தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கியில் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் 1993-இல் ஒரு குடிசையில் தொடங்கிய ஆஸ்பத்திரியில் நர்ஸ்களும் சுகாதாரப் பணியாளர்களும் அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்கள். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையிலும் இதே கதைதான். மூன்றும் மூன்று விதம், மூன்றும் அரசு ஆஸ்பத்திரி இல்லை, நமக்கு இருக்கும் ஃபைல் தொல்லை அவர்களுக்கு இல்லை என்று வாதாடலாம். ஆனால் ஊர்க்காரர்களை வேலைக்காரர்களாக மட்டும் பார்க்காமல் ஆஸ்பத்திரியின் கண்ணும் காதுமாக ஆக்கியது மூன்றுக்கும் பொது. நம்மிடம் அந்த ஊர்க்காரர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். பயிற்சிதான் கொடுக்கவில்லை.

சரி, நர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் நடுநிலையாக எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரிகளில் 5 பேருக்கு ஒருவர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் எழுதி வைத்திருக்கிறது. நைட் டியூட்டியில் ஒரு முழு வார்டை ஒற்றை ஆளாகப் பார்த்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வு எழுதி வந்த பிள்ளைகளுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியது நினைவிருக்கும். இதெல்லாம் ஒரு சி.எம்.ஓ. தீர்க்கக்கூடியது இல்லை. ஆள் போடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது.

அவரால் முடிந்தது வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தடவை வந்து பார்க்கலாம். திடீர் சோதனைக்கு வர வேண்டாம். நர்சிங் ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். எத்தனை ரெஜிஸ்டர் எழுதுகிறோம் என்று தெரியும். ஒரே சங்கதியை மூன்று புத்தகத்தில் எழுதி, நான்காவதாகக் கம்ப்யூட்டரிலும் ஏற்றுகிறோம். அதில் ஒன்றை நிறுத்திக் கொடுத்தாலே நோயாளி பக்கத்தில் நிற்க நேரம் கிடைக்கும். கர்ப்பமாக இருக்கும் நர்சுக்கு எந்த டியூட்டி, பாலூட்டுகிறவருக்கு எந்த டியூட்டி என்று போடுவது, லீவு கேட்டால் முகம் சுளிக்காமல் இருப்பது, இதெல்லாம் எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

பாதுகாப்பும் அப்படித்தான். 2008-லேயே ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தாக்கினால் தண்டிக்கத் தனிச் சட்டம் போட்டாயிற்று. ஆனாலும் 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் பட்டப்பகலில் ஒரு டாக்டரைக் கத்தியால் குத்தினார் ஒரு நோயாளியின் மகன். அதற்கப்புறம் கேட்டில் கெடுபிடி, நோயாளியோடு வருகிறவர்களுக்குக் கையில் டேக். வேண்டியதுதான். என் அனுபவத்தில் சண்டை ஆரம்பிக்கும் இடம் கேட் இல்லை, கேசுவால்ட்டிக் கதவுக்கு வெளியே. உள்ளே என்ன நடக்கிறது என்று அரை மணி நேரமாக யாரும் வந்து சொல்லாதபோதுதான் ஒருவர் கதவை உதைக்கிறார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வெளியே போய் "இன்னும் பார்த்துக்கிட்டு இருக்காங்க, மூச்சு இருக்கு, டாக்டர் பக்கத்துலயே நிக்கிறார்" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் பாதி சண்டை வராது. மீதிப் பாதிக்குத்தான் போலீஸ்.

நோயாளிகளிடம் காட்டும் கனிவைப் பற்றித் தனியாக அதிகம் சொல்லவில்லை. சிரித்த முகமாக இருங்கள் என்று பயிற்சி வகுப்பு நடத்துவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கப் போக முடியாதவளிடம் சிரி என்றால் எப்படிச் சிரிப்பாள்? நேரம் கிடைத்தால் கனிவு தானாக வரும், வராத சிலர் எந்த வகுப்புக்குப் போனாலும் மாற மாட்டார்கள்.

இரண்டே விஷயம் சொன்னேன். ஒன்று, பிரசவ அறையில் கூட ஒரு பெண் துணை. அம்மாவோ, அக்காவோ, அவள் யாரைக் கேட்கிறாளோ அவர். உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டுதலில் இதைப் பரிந்துரைத்திருக்கிறது, மத்திய அரசின் லக்‌ஷ்யா திட்டமும் கேட்கிறது, நம் மாநிலத்தில் ரொம்ப காலமாக ஆணையும் இருக்கிறது. இருந்தும் எத்தனை இடத்தில் உள்ளே விடுகிறார்கள்? தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது என்று தேசிய குடும்ப நல ஆய்வு (2019–21) சொல்கிறது. பெருமைதான். அவ்வளவு பேரும் நம்மை நம்பி வந்துவிட்டபின் அவர்களை ஒற்றையில் கிடத்தி அழவிடுவது என்ன நியாயம்?

இன்னொன்று டிஸ்சார்ஜ். ரவுண்ட்ஸ் முடிந்து, சீட்டு எழுதி, மாத்திரை வாங்கி, ஆம்புலன்சோ ஆட்டோவோ பிடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடுகிறது. கடைசி டவுன் பஸ் போய்விடும். சிசேரியன் ஆன பெண் குழந்தையோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பாள். காலையில் முதலில் டிஸ்சார்ஜ் வேலையை முடித்துவிட்டு மற்ற ரவுண்ட்ஸைப் பாருங்கள் என்று டாக்டர்களிடம் சொல்ல சி.எம்.ஓ.வால் மட்டும்தான் முடியும். நாங்கள் சொன்னால் "சிஸ்டர், நீங்க ட்ரே ரெடி பண்ணுங்க" என்பார்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டிலிருந்துதான் ஊர் ஆரோக்கியம் ஆரம்பிக்கிறது. நம் மாநிலத்தில் ஒரு விசித்திரம், வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. தாலுகா ஆஸ்பத்திரி இணை இயக்குநர் (ஜே.டி.) ஆபீசின் கீழ். ஆரம்ப சுகாதார நிலையமும் கிராம நர்சும் பொது சுகாதாரத் துறையின் கீழ். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இன்னொரு இயக்குநரின் கீழ். பொது சுகாதாரத்துக்கென்று தனித்துறையும், 1939-லிருந்து தனிச் சட்டமும் வைத்திருப்பது தமிழ்நாட்டின் பலம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நோயாளிக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது. கால் புண்ணோடு வந்த சர்க்கரைக்காரருக்கு நாம் இன்சுலின் ஆரம்பித்து அனுப்புகிறோம். ஊருக்குப் போனதும் யார் பார்ப்பது? 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் தன்னார்வப் பெண்கள் இருக்கிறார்கள், பிசியோதெரபி செய்பவர் இருக்கிறார், படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்க்கவும் நர்ஸ் இருக்கிறார். நம் சீட்டில் அவர் போக வேண்டிய சுகாதார நிலையத்தின் பெயரும், அந்த ஊர்த் தன்னார்வலருக்கு ஒரு தகவலும் இருந்தால் சங்கிலி அறுபடாது. பல சீட்டில் "ரிவ்யூ 15 நாள்" என்று மட்டும் இருக்கும். பதினைந்து நாள் கழித்து அவர் வரவில்லை என்றால் யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் கழித்துக் காலை எடுக்க வேண்டிய நிலையில் வருவார்.

அந்தச் சுகாதார நிலையங்களைப் பார்க்கும் வட்டார மருத்துவ அலுவலர் என்ன, அந்நியரா? ஒரு போன். மாதம் ஒரு தடவை சேர்ந்து உட்கார்ந்து பெயர் பெயராகப் பார்த்தால் போதும், கமிட்டி எதற்கு?

இன்னொரு பொக்கிஷம் கேசுவால்ட்டியிலேயே கிடக்கிறது: ஏ.ஆர். புத்தகம், அதாவது விபத்துப் பதிவேடு. விபத்து, அடிதடி என்று வருகிற ஒவ்வொருவருக்கும் எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி என்று எழுதுகிறோம், போலீசுக்கும் கோர்ட்டுக்கும் அது வேண்டும். அதற்கப்புறம் யாரும் புரட்டுவதில்லை. நான் இருந்த ஓர் ஊரில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு மதிய வேளையில் ஒரு ஜூனியர் நர்ஸ் அதைப் புரட்டிவிட்டு, "சிஸ்டர், பைக்ல விழுந்தவங்க நிறையப் பேர் ஒரே திருப்பத்துல விழுந்திருக்காங்க" என்றாள். செக்யூரிட்டி அண்ணன் அந்த ஊர்க்காரர். "ஆமா, அங்க செங்கல் சூளை லாரி மண்ணக் கொட்டிட்டுப் போகும், ராத்திரி லைட்டு கெடையாது" என்றார். புத்தகத்தில் இருப்பது ஒரு பாதி, அண்ணன் வாயில் இருப்பது மறு பாதி. சி.எம்.ஓ. அதை இரண்டு வரியில் எழுதி மாவட்ட சாலைப் பாதுகாப்புக் கூட்டத்துக்கு அனுப்பினார். லைட் வந்தது. மண்ணைப் பற்றி எனக்குத் தெரியாது, அதற்குள் மாற்றல் வந்துவிட்டது.

வயிற்றுப்போக்கு அட்மிஷனிலும் முகவரியை ஒழுங்காக எழுதினால் இதே வேலை நடக்கும். "அம்பேத்கர் நகர்" என்று மட்டும் எழுதினால் எந்த ஊர் அம்பேத்கர் நகர்? தெருவைக் கேட்டு எழுதுங்கள். ஒரே தெருவிலிருந்து இரண்டு நாளில் மூன்று பேர் என்றால் தண்ணீர்க் குழாயைப் பார்க்கச் சொல்லி அன்றைக்கே போன் போக வேண்டும்.

பெரிய மருந்தோ மெஷினோ இல்லாமல் என்ன கிழிக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். காசநோய் இறப்பைக் குறைக்க 2022-இல் நம் மாநிலம் கொண்டுவந்த திட்டத்தில், நோய் என்று தெரிந்த அன்றே எடை உயரம், காலில் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, விரலில் ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனைகூட இல்லை. இதில் மோசமாக இருப்பவரை வீட்டுக்கு அனுப்பாமல் அட்மிட் செய்ய வேண்டும், அவ்வளவுதான். எழுந்து நில்லுங்கள் என்று சொல்லிப் பார்ப்பதற்கு எத்தனை கோடி வேண்டும்?

எல்லாம் கேட்டுவிட்டு டாக்டரம்மா நியாயமான கேள்வி ஒன்று கேட்டார். "இதுல எதுக்கு சிஸ்டர் எனக்குப் பவர் இருக்கு? டாக்டர் போஸ்ட் காலியா இருக்கு. மயக்க மருந்து டாக்டர் வாரத்துல மூணு நாள் வேற ஊருக்கு டெபுடேஷன்."

உண்மை. அனஸ்தீஷியா இல்லாத நாளில் சிசேரியன் கேஸை ரெஃபர் செய்துதான் ஆக வேண்டும், ஊர் அதற்கும் நம்மைத்தான் திட்டும். ஆனால் ரெஃபர் செய்வதிலும் தரம் உண்டு. முன்கூட்டிப் போன் செய்து, சீட்டில் என்ன கொடுத்தோம் எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று எழுதி, கூட ஒரு நர்சை அனுப்புவது ஒரு விதம். "மேற்சிகிச்சைக்கு" என்று ஒரு வார்த்தை எழுதி 108-இல் ஏற்றிவிடுவது இன்னொரு விதம். அனுப்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று மாதக் கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியைக் கேட்கும் சி.எம்.ஓ.வை நான் ஒரே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் கேட்க ஆரம்பித்த பிறகு தேவையில்லாத ரெஃபர் தானாகக் குறைந்தது. கையெழுத்து இருக்கிறது, போன் இருக்கிறது, டியூட்டி சார்ட் இருக்கிறது, நோயாளர் நலச் சங்கத்திலும் காப்பீட்டுத் திட்டத்திலும் வரும் கொஞ்சம் பணம் இருக்கிறது. முந்தைய டாக்டர்களில் சிலர் இதை வைத்து முன்வாசலுக்கு கிரானைட் போட்டார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது உங்கள் பாடு என்றேன்.

"அதுக்குத்தான் சிஸ்டர் பயமா இருக்கு. சார்ஜ் எடுத்த மறுவாரமே கலெக்டர் விசிட்டாம். பெயிண்ட் அடிக்கச் சொல்லி இப்பவே கொட்டேஷன் வாங்கி வச்சிருக்காங்க."

"அடிங்க டாக்டர், வேண்டாம்னு யார் சொன்னா? ஆனா லேபர் வார்டு பாத்ரூம்ல தாழ்ப்பாள் இருக்கான்னு மொதல்ல பாருங்க. இல்லன்னா பெயிண்டுக்கு முன்னாடி அத வாங்கிப் போடுங்க. நூறு ரூபாய்க்குள்ளதான் ஆகும், கொட்டேஷன் எல்லாம் வேண்டாம்."